மூலையைப் பங்கிடும் கோடு

நீங்கள் இப்போது அமர்ந்திருக்கும் அறையில் சுவர் தரையைத் தொடும் இடத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். ஏறக்குறைய நான்கு அங்குல உயரத்தில் ஒரு பட்டை சுவரின் அடியைச் சுற்றி ஓடுவதைக் காண்பீர்கள். டைல், கருங்கல், மரம், சிமெண்ட் இவற்றுள் ஒன்றால் அது செய்யப்பட்டிருக்கும். கட்டட வேலை செய்வோர் இதனை ‘ஸ்கர்ட்டிங்’ என்பர். தரை கழுவும் நீரும் துடைப்பமும் சுவர்ப் பூச்சைக் கெடுக்காமல் காப்பதும், சுவருக்கும் தரைக்கும் இடையிலுள்ள ஒழுங்கற்ற இடைவெளியை மறைப்பதும் இதன் பணி. இனி, அந்தப் பட்டை ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குத் திரும்பும் மூலையைக் கவனியுங்கள். அங்கே இரண்டு துண்டுகள் சந்திக்கின்றன. அவற்றை எந்தக் கோணத்தில் வெட்டியிருப்பார்கள்?

யாரைக் கேட்டாலும் ‘நாற்பத்தைந்து டிகிரி’ என்றே விடை வரும். சுவர்கள் இரண்டும் 90 பாகையில் சந்திக்கின்றன. அதில் பாதி 45. எனவே ஒவ்வொரு துண்டையும் 45 பாகையில் வெட்ட வேண்டும். கணக்கு மிக எளியது. ஆனால் அந்த எளிய கணக்கை நம்பி வெட்டிய துண்டுகள் பல வீடுகளில் வாய் பிளந்து நிற்பதையும், அந்தப் பிளவை வெள்ளைச் சிமெண்டைக் கொண்டோ மரத்தூள் கலந்த பசையைக் கொண்டோ அடைத்திருப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கணக்கில் பிழை இல்லை. பின் பிழை எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை எழுப்புவதற்குச் சுங்குவார்சத்திரம் மிகப் பொருத்தமான ஊர். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே அது அமைந்துள்ளது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதை அடுத்து, இந்தச் சாலையின் இருபுறமும் ஒரகடம் வரையிலும் ஆலைகள் பெருகின. ஆலைகளைத் தொடர்ந்து குடியிருப்புகளும் விடுதிகளும் எழுந்தன. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அத்தனை அறைகளிலும் மூலைகள் உள்ளன. இங்கிருந்து மேற்கே பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் காஞ்சிபுரத்தை அடைந்துவிடலாம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மூலை திருப்பிய முறையும் இன்று எந்திரத்தால் திருப்பும் முறையும் ஒரே சாலையின் மேல் இருக்கின்றன. முதலில் காஞ்சிக்குப் போவோம்.

கல் காட்டும் வழி

காஞ்சி கைலாசநாதர் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மனால் எழுப்பப்பட்டது. அதன் உடல் மணற்கல்லால் ஆனது. பாரம் தாங்கும் அடிவரிசையில் கருங்கல் இடப்பட்டுள்ளது. கோயிலின் அடிப்பகுதியை ‘அதிட்டானம்’ என்பது சிற்பநூல் வழக்கு. உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை எனப் பல வரிகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். சில நீண்டும் சில உள்வாங்கியும், சில சதுரமாகவும் சில உருண்டும் இருக்கும். நம் வீட்டு ஸ்கர்ட்டிங்கின் மூத்த உறவினர் என்று இதனைக் கூறலாம். சுவர் மண்ணைத் தொடும் இடத்தை அழகுபடுத்துவதோடு, மழைநீர் சுவரடியில் தெறித்துத் தங்காமல் காப்பதும் அதன் பயன்.

குமுதம் என்னும் வரி சில கோயில்களில் உருண்டையாக இருக்கும். சிலவற்றில் மூன்று பட்டைகளாகச் சீவப்பட்டிருக்கும். இந்த முப்பட்டைக் குமுதம் கோயிலின் மூலையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் நின்று பாருங்கள். இரு பக்கத்துப் பட்டைகளும் ஒரு கூரிய கோட்டில் சந்திக்கும். மேலிருந்து நோக்கினால் அந்தக் கோடு மூலைக் கோணத்தைச் சரிபாதியாகப் பங்கிடுவது தெரியும். தச்சர் மரத்தில் வெட்டும் ‘மைட்டர்’ கோடு இதுவேதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மூலைக்கோடு இருக்கும் இடத்தில் இணைப்பு இருக்காது. தமிழகக் கற்கோயில்களில் பெரும்பாலும் மூலையில் ஒரே கல்தான் இருக்கும். அந்தக் கல்லிலேயே இரு முகங்களும் செதுக்கப்பட்டிருக்கும். அடுத்த கல்லோடு சேரும் மூட்டு, மூலையிலிருந்து சற்றுத் தள்ளி, நேரான பகுதியில் செங்குத்தாக விழும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? கல்லை 45 பாகையில் சரித்து வெட்டினால் அதன் முனை கத்திபோல் மெலிந்துவிடும். கல் அழுத்தத்தை நன்கு தாங்கும். ஆனால் மெல்லிய விளிம்பில் சிறு அடி பட்டாலும் சில்லு தெறிக்கும். கட்டடத்தில் அதிகம் அடிபடும் இடமும் வெளிமூலைதான். மேலும், இரு கற்கள் மூலையில் சந்தித்தால் ஒன்று இம்மியளவு நகர்ந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உடனே புலப்படும். மழைநீரும் அங்கே நுழையும். நேரான பகுதியில் உள்ள மூட்டோ கண்ணுக்கு எளிதில் தெரியாது. கண் காணும் கோட்டையும் கல் சேரும் கோட்டையும் வெவ்வேறு இடங்களில் வைத்ததுதான் சிற்பிகளின் தந்திரம். ஐரோப்பியக் கல்தச்சர்களும் இதே முடிவுக்கு வந்தனர். கல்வேலையைப் பின்பற்றி, மூலைக்கோட்டை ஒரே துண்டில் செதுக்கும் மரவேலைக்கு ஆங்கிலத் தச்சர்கள் ‘மேசன்ஸ் மைட்டர்’, அதாவது கொத்தனின் மைட்டர், என்றே பெயரிட்டார்கள்.

தரையருகே உள்ள வரிகளில் இது அழகைப் பற்றிய கேள்வி. உயரே போகும்போது உயிரைப் பற்றிய கேள்வியாகிவிடும். கூரை விளிம்பில் வெளியே நீண்டு வளையும் ‘கொடுங்கை’யை எண்ணிப் பாருங்கள். சுவரின் நடுப்பகுதியில் கொடுங்கைக் கல்லின் வால் உட்புறமாக நீண்டு, மேலுள்ள பாரத்தால் அழுத்தப்பட்டிருக்கும். அதனால் கல் கவிழ்வதில்லை. மூலையிலோ கல் இரு திசைகளிலும் வெளியே நீள வேண்டும். அதை மூலைக்கோட்டில் இரண்டாக வெட்டினால் ஒவ்வொரு பாதியின் முனையும் ஒரு முக்கோணமாகத் தொங்கும். அந்த முக்கோணத்துக்கு நேர்ப்பின்னால் சுவர் இல்லை. எனவே கனத்த ஒரே கல்லாக வைத்து அதன் வாலை உள்ளே அழுத்துவதே பாதுகாப்பு.

காஞ்சியிலேயே வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் (தூண்கள் உண்மையில் 96) இதனை நேரில் காணலாம். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த மண்டபத்தின் கொடுங்கை மூலைகளில் கல் சங்கிலிகள் தொங்குகின்றன. பார்க்க வருவோர் சங்கிலியை வியந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது தொங்கும் இடத்தை வியப்பவர் குறைவு. சங்கிலியின் வளையங்களில் மூட்டு இல்லை. ஒரே கல்லிலிருந்து குடையப்பட்டவை அவை. கட்டடக் கலைஞனுக்கு மிகவும் தொல்லை தரும் இடம் எதுவோ, அங்கேயே தன் திறமையைத் தொங்கவிட்டிருக்கிறான் அந்தச் சிற்பி!

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் கொடுங்கையும் பேர்பெற்றது. புதிதாகக் கோயில் வேலை ஒப்புக்கொள்ளும் சிற்பிகள், ஆவுடையார்கோயில் கொடுங்கை, தாரமங்கலத் தூண், திருவலஞ்சுழிப் பலகணி போன்றவை நீங்கலாக எதையும் செய்து தருவதாக ஒப்பந்தம் எழுதுவார்கள் என்ற செவிவழிச் செய்தி உண்டு. அந்தக் கொடுங்கையின் அடிப்புறத்தில் மரக் கூரையின் கைகளும் குறுக்குச் சட்டங்களும் ஆணிகளும்கூடக் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. கல்லுக்கு ஆணி எதற்கு? மரக் கட்டடமே கற்கட்டடத்துக்கு முன்னோடி என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆகவே நாமும் மரத்துக்கு வருவோம்.

நந்தியாவட்டைப் பூவும் தச்சரும்

சோழர் காலத்தை ஒட்டியதாக அறிஞர் கருதும் ‘மயமதம்’ என்ற வடமொழிச் சிற்பநூல் தமிழகக் கட்டடக் கலையோடு நெருங்கிய தொடர்புடையது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அதனை 1970லும் 1976லும் இரு பகுதிகளாகப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளியிட்டது. பதிப்பித்தவர் புரூனோ தாஜான். மரங்களை இணைக்கும் முறைகளுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் அந்நூலில் உண்டு. அதில் வரும் பெயர்கள் சுவையானவை. ஒரு மரத்தின் கழுந்து மற்றொன்றின் துளையில் புகும் இணைப்புக்கு ‘மேஷயுத்தம்’ என்று பெயர். ஆட்டுக்கிடாய்கள் முட்டிக்கொள்வதைத் தச்சர் அங்கே கண்டிருக்கிறார்கள்.

மூலை திருப்பும் நம் கேள்விக்கு உதவுவது ‘நந்தியாவர்த்தம்’ என்ற அமைப்பு. நம் வீட்டுத் தோட்டத்து நந்தியாவட்டைப் பூவின் பெயரும் இதுவே. அந்தப் பூவின் இதழ்கள் காற்றாடிபோல் ஒரே பக்கமாகத் திரும்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பக்கமும் சட்டம் அமைக்கும்போது ஒவ்வொரு மரத்தின் தலையும் அடுத்த மரத்தின் பக்கத்தில் முட்ட, அந்த மரம் தன் தலையை அதற்கடுத்ததன்மேல் முட்ட, இப்படியே சுற்றி வருவது நந்தியாவர்த்தம். இங்கே சாய்வெட்டே தேவையில்லை. எல்லா முனைகளும் நேராக அறுக்கப்படுகின்றன.

நம் பழைய வீடுகளின் கதவு நிலைகளிலும் இதே மனப்பான்மையைக் காண்கிறோம். நிலையின் மேல்கட்டை இருபுறமும் சிறிது நீண்டு சுவருக்குள் புகும். பக்கக் கால்களின் கழுந்துகள் அதன் துளைகளில் ஏறும். பாரம் தாங்கும் மூலையில் தச்சர் 45 பாகை வெட்டை நம்புவதில்லை. அதற்கு மரத்தின் இயல்பே காரணம்.

மரம் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை தேக்கு, ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 விழுக்காடும், வளையங்களுக்குக் குறுக்கே நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்கும். நீளவாக்கில் அதன் சுருக்கம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. அதாவது ஒரு சட்டம் காயும்போது அகலம் குறைகிறது, நீளம் குறைவதில்லை. 100 மி.மீ. அகலமுள்ள இரு சட்டங்களைச் சரியாக 45 பாகையில் வெட்டி ஒட்டியிருக்கிறோம் என்று கொள்ளுங்கள். கோடையில் ஒவ்வொன்றும் அகலத்தில் 1 மி.மீ. சுருங்கினால், வெளிமுனை ஒட்டியபடியே இருக்க, உள்முனையில் 1.4 மி.மீ. பிளவு தோன்றும். ஐப்பசி மழையில் மரம் பருத்தால் உள்முனை நெருங்கி வெளிமுனை திறக்கும். சதுரத் தாளில் வரைந்து இதை நீங்களே சரிபார்க்கலாம். பங்குனியில் வேலை செய்த தச்சரைக் கார்த்திகையில் குறைகூறுவது நியாயமன்று. குற்றம் மரத்தின் நார்களுடையது.

பாகைமானி இல்லாத காலம்

பாரமில்லாத அலங்காரப் பட்டைகளில் மூலைக்கோடு வேண்டும் என்று வந்துவிட்டால், அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் நமது பள்ளி வடிவகணிதம் வேலைக்கு வருகிறது. ஒரு கோணத்தின் இருசமவெட்டியை வரைவது யூக்ளிடின் முதல் நூலில் ஒன்பதாவது தேற்றம். கவராயத்தால் அதை வரைந்து மதிப்பெண் வாங்கியதோடு நம்மில் பலர் அதற்கு விடை கொடுத்துவிடுகிறோம். மரவேலை செய்பவருக்குக் கவராயம்கூட வேண்டாம்.

ஒரே அகலமுள்ள இரண்டு தாள் பட்டைகளை எடுத்து, ஏதேனும் ஒரு கோணத்தில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வையுங்கள். இரண்டும் சேர்ந்து மறைக்கும் பகுதி ஓர் இணைகரம். பட்டைகளின் அகலம் சமமானதால் அந்த இணைகரத்தின் இரு உயரங்களும் சமம். பரப்பளவு ஒன்றே என்பதால் அடிப்பக்கங்களும் சமமாகிவிடும். ஆகவே அது சாய்சதுரம். சாய்சதுரத்தின் மூலைவிட்டம் கோணத்தைச் சரிபாதியாக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே மூலைவிட்டத்தின்படி இரு பட்டைகளையும் வெட்டினால் அவை பிசகின்றிப் பொருந்தும். கோணம் 90 பாகையா, 88 பாகையா, 117 பாகையா என்ற கேள்வியே இதில் எழவில்லை!

தச்சர் இதைத் தரையில் செய்கிறார். சுவரோடு ஒரு பலகைத் துண்டை ஒட்டி வைத்து, அதன் வெளிவிளிம்பை ஒட்டித் தரையில் பென்சிலால் கோடு இழுக்கிறார். அதே துண்டை அடுத்த சுவரோடு வைத்து மற்றொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியை மூலையோடு சேர்த்தால் மூலைக்கோடு கிடைத்துவிட்டது. ‘பெவல்’ எனப்படும் அசையும் மட்டத்தை அந்தக் கோட்டுக்கும் சுவருக்கும் பொருத்தித் திருகை முடுக்கி, அப்படியே பலகைமேல் வைத்துக் குறித்துக்கொள்கிறார். இதில் எண் எதுவும் வரவில்லை. பட்டைகளின் அகலம் மாறினால் மட்டும் இம்முறை வேறு விடை தரும். அப்போது வெட்டு கோணத்தைச் சமமாகப் பங்கிடாது, ஆனால் அந்த இரு அகலங்களுக்கும் சரியாகவே பொருந்தும். 

செங்கோணத்தைச் சரிபார்ப்பதற்கோ நம் நாட்டில் மிகப் பழைய மரபு உண்டு. வேள்வி மேடைகளை அமைக்கக் கயிறு பிடித்து அளந்தவர்களின் நூல்கள் சுல்ப சூத்திரங்கள். அவற்றுள் பழமையான போதாயனத்தில் 3-4, 5-12, 8-15 முதலிய பக்கச் சோடிகள் வருகின்றன. வீட்டுக்கு வாய்க்கால் வெட்டும் கொத்தனார் இன்றும் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்க்கிறார். சதுரத்தின் மூலைவிட்டத்துக்குச் சுல்ப நூல்கள் தரும் மதிப்பு 577/408. ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் இம்மதிப்பைக் கொண்டு மூலைவிட்டத்தைக் கணக்கிட்டால் பிழை 2 மி.மீ. அளவே வரும். தச்சர் தமது மூலைமட்டத்தைச் சோதிக்கும் முறை இன்னும் எளியது. பலகையின் விளிம்பில் மட்டத்தை வைத்து ஒரு கோடு. மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியில் மறுகோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் நல்லது. விலகினால், விலகலில் பாதியே மட்டத்தின் பிழை.

நாற்பத்தைந்து வந்த வழி

அப்படியானால் ‘நாற்பத்தைந்து’ என்னும் எண் எப்படி எல்லார் நாவிலும் ஏறியது? அதைப் பரப்பியவற்றுள் படச் சட்டத்துக்கு முக்கிய இடம் உண்டு என்பது என் கருத்து. 1894இல் பம்பாயில் இரவிவர்மாவின் அச்சகம் தொடங்கப்பட்ட பின் இலக்குமியும் சரசுவதியும் அச்சுப் படங்களாக வீடுதோறும் வந்தார்கள். படம் வந்தால் கண்ணாடி வேண்டும். கண்ணாடிக்குச் சட்டம் வேண்டும். கடைத்தெருவில் படத்துக்குக் கண்ணாடி போடும் கடைகள் தோன்றின. அங்கே ஒரு மரப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். மூன்று பக்கம் அடைத்த நீண்ட தொட்டி அது; பக்கச் சுவர்களில் 45 பாகைக்கு இரம்பம் நுழையும் பிளவுகள் வெட்டப்பட்டிருக்கும். சட்டத்தை உள்ளே கிடத்தி அறுத்தால் வெட்டு தானாகவே 45 பாகையில் விழும். இதுவே மைட்டர் பெட்டி.

படச் சட்டத்துக்கு இந்த எண் முற்றிலும் பொருந்தும். காரணம், அங்கே மூலை முன்கூட்டியே இருப்பதில்லை. வெட்டுத்தான் மூலையை உண்டாக்குகிறது. ஆனால் நான்கு மூலைக்கும் சேர்த்து எட்டு வெட்டுகள். ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிசகினால் மொத்தம் 4 பாகை. மூன்று மூலைகளை இறுக்கி ஒட்டிவிட்டால் அந்த 4 பாகையும் நான்காம் மூலையில் வந்து நிற்கும், 50 மி.மீ. அகலச் சட்டத்தில் ஏறக்குறைய 5 மி.மீ. வாய்திறப்பு! பெட்டியின் பிளவு தேய்ந்துவிட்டால் கடைக்காரர் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்துகொள்வது இதனால்தான்.

1920களில் அமெரிக்காவின் ரேமண்ட் டிவால்ட் அமைத்த, கைபோல் நீண்டு திரும்பும் மின்இரம்பம் இந்த வேலையை எந்திரமாக்கியது. அதன் வழித்தோன்றல்கள் இன்று ஆலைகளில் உள்ளன. பிளாஸ்டிக் ஜன்னல் செய்யும் பட்டறையில் இரட்டைத் தலை இரம்பம் ஒரு சட்டத்தின் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் 45 பாகையில் வெட்டுகிறது. பின்னர் முனைகளை ஏறக்குறைய 250 பாகை செல்சியசில் சூடேற்றி உருக்கி ஒன்றோடொன்று அழுத்துகிறார்கள். உருகிப் பிதுங்கும் பகுதிக்காக ஒவ்வொரு முனையிலும் சுமார் 3 மி.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்வார்கள். இங்கேயும் மூலையை உண்டாக்குவது எந்திரம்தான். சுவரில் விட்ட துவாரம் சிறிது கோணலாக இருந்தாலும், ஜன்னலைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பின்னர் நிரப்பிக்கொள்ளலாம்.

ஸ்கர்ட்டிங் போடுபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் வருவதற்குள் மூலை உருவாகிவிட்டது. செங்கல் சுவர் நேராக இருந்தாலும் அதன்மேல் 12 மி.மீ. முதல் 20 மி.மீ. வரை பூச்சு ஏறுகிறது. உள்மூலையில் கரண்டி முழுதும் ஓடாது. அங்கே கலவை சற்றுத் தடித்து நிற்கும். எனவே அறையின் நடுவிலிருந்து பார்த்தால் 90 பாகையாக உள்ள மூலை, கடைசி ஒரு சாணில் 92 பாகையாக மாறியிருக்கக்கூடும்.

இதை நீங்கள் அளந்து பார்க்கலாம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 1 மீட்டர், மறுசுவரில் 1 மீட்டர் குறித்து, குறுக்களவை எடுங்கள். 1,414 மி.மீ. வந்தால் செங்கோணம். அதற்குமேல் ஒவ்வொரு 12 மி.மீ.க்கும் கோணம் ஏறக்குறைய ஒரு பாகை கூடுகிறது. குறைந்தால் அவ்வாறே குறைகிறது. பிறகு மூலையருகே பலகைத் துண்டை வைத்து முன்பு சொன்ன முறையில் கோடு போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வியக்க வேண்டாம். முதலாவது அறையின் கோணம். இரண்டாவது பட்டை உட்காரப் போகும் இடத்தின் கோணம். வெட்டுக்கு வேண்டியது இரண்டாவதே.

ஒரு பாகை என்ன பெரிய தவறு என்று தோன்றலாம். 15 மி.மீ. கனமுள்ள பலகை சுவரடியில் நிற்கும்போது ஒரு பாகைப் பிழையால் வரும் பிளவு 0.4 மி.மீ.க்கும் குறைவு, வண்ணம் பூசினால் மறைந்துவிடும். அதே பிழை, கதவைச் சுற்றிப் படுக்கையாக ஒட்டும் 100 மி.மீ. அகலப் பட்டையில் இரண்டரை மி.மீ. பிளவாகிவிடும். மூலைக்கு ஒரு கூலி என்று பேசி வேலை செய்பவருக்கு அந்த இரண்டரை மி.மீ. என்றால் ஒரு பட்டை வீண், அரை மணி நேரம் வீண்.

உள்மூலைக்கு ஆங்கிலத் தச்சர்கள் வேறொரு வழி கண்டார்கள். ஒரு பட்டையை நேராக அறுத்து, சுவர்வரை ஓட்டி முட்டவிடுவார்கள். மற்றப் பட்டையை முதலில் 45 பாகையில் வெட்டுவார்கள், இது பொருத்துவதற்கல்ல. அந்த வெட்டு முகப்பில் பட்டையின் வளைவுகள் ஒரு கோடாகத் தெரியவரும். அந்தக் கோட்டை ஒட்டி மெல்லிய வில்லிரம்பத்தால் வளைத்து அறுத்து, பின்புறத்தைச் சற்று அதிகமாகவே சீவிவிட்டால், இரண்டாம் பட்டை முதல் பட்டையின் முகத்தைக் கவ்விக்கொண்டு உட்காரும். சுவர் 88 பாகையானாலும் 92 பாகையானாலும் முன்பக்கத்தில் பிளவு தெரியாது. ஒன்றன் தலை மற்றொன்றின் பக்கத்தில் முட்டும் நந்தியாவர்த்தத்தை இது நினைவூட்டவில்லையா?

நம் ஊர்ப் பழைய சிவப்புத் தரை வீடுகளில் மூட்டே கிடையாது. ஈரச் சிமெண்டில் சிவப்பு ஆக்சைடு கலந்து, சுவரடியில் கரண்டியால் இழுத்து, மூலையைக் கட்டை விரலாலோ புட்டியின் அடியாலோ உருட்டிவிட்டார்கள். பெருக்கும்போது தூசி தங்காது. ஒரு மூலைக்குள்ள எல்லாத் தீர்வுகளிலும் இதையே சிறந்ததாகக் கருத எனக்கு ஆசை. ஆனால் அது ஊறிக் காய்வதற்கும் தேய்த்து மெருகேற்றுவதற்கும் பல நாட்கள் ஆகும். விடுதிகளை மாதக் கணக்கில் கட்டி முடிக்கும் இடங்களில் அதற்கு நேரமில்லை.

ஆகவே இன்று டைல் வந்துவிட்டது; வெளிமூலைகளில் இரு டைல்களின் விளிம்பையும் பின்புறமாக 45 பாகைக்குச் சீவி, முகத்தோடு முகம் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. பார்வைக்கு மிக அழகு. ஆனால் பல்லவச் சிற்பிகள் தவிர்த்த அதே கத்திமுனை இங்கே திரும்ப வந்திருக்கிறது. வாளி இடித்தால் சில்லு பெயர்ந்துவிடும். அதைவிடக் கவலை தருவது அதைச் சீவும் விதம். மூடிய அறையில், தண்ணீர் விடாமல், கைக் கிரைண்டரை வைத்துச் சீவும்போது எழும் வெண்புகையில் மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள் உள்ளன. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கு ஓரளவு தடுத்துவிடும். தெரியாத நுண்துகள் நுரையீரலின் காற்றறைகள்வரை சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்கும். அந்நோய் சிலிக்கோசிஸ். ஆண்டுகள் கழித்தே வெளிப்படும்; வந்தபின் தழும்பை நீக்க மருந்தில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது.

சீவும் இடத்தில் நீர் சொட்டிக்கொண்டே இருந்தால் துகள் காற்றில் பறக்காமல் சேறாக வழிந்துவிடும். மின்கருவியும் நீரும் சேர்வதால், நீர்விட்டு அறுப்பதற்கென்றே செய்த எந்திரத்தைத்தான் இதற்குப் பயன்படுத்த வேண்டும். திறந்த வெளியில் வைத்து அறுப்பது இன்னும் நல்லது. துணியை மூக்கில் கட்டிக்கொள்வது இந்த அளவு நுண்துகளைத் தடுக்காது. மற்றொரு வழி, சீவாமலே இருப்பது. ஒரு டைலை மூலைவரை நேராக ஓட்டி நிறுத்தி, அடுத்த டைல் அதன் விளிம்பை மூடும்படி நேராக முட்ட வைக்கலாம். விளிம்பு வெளியே தெரியும் பக்கத்தை, ஆட்கள் அதிகம் பார்க்காத சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். தெரியும் அந்த விளிம்பை நீர்க்கல்லால் சற்று மழுக்கிவிட்டால் கையையும் கிழிக்காது.